நுங்கு வண்டி முதல் போர்ஷே வரை: மாதிரிக் கார்களின் கதை

முன்னுரை

சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் ஒரு வாகனம் ஓடும். அதற்குப் பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் இரண்டு பனங்காய்கள்தான் அதன் சக்கரங்கள். நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் அச்சு தயார். நுனியில் கவட்டை உள்ள ஒரு நீளக் குச்சியை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இதுதான் நுங்கு வண்டி. பையன்கள் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு, கியர் மாற்றிக்கொண்டு, புழுதி பறக்கத் தெருவைச் சுற்றி வருவார்கள்.

இதே நேரத்தில் உலகின் வேறு ஊர்களில் சிறுவர்களும் (பெரியவர்களும்தான்!) இன்னொரு வகைச் சிறு வண்டியைச் செய்துகொண்டிருப்பார்கள். ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நூறு துண்டுகளாகக் கிடக்கும். அதை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முழுக் காராக ஆக்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் 'ஸ்கேல் மாடல் கிட்' என்பார்கள். தமிழில் அளவு மாதிரி என்று சொல்லலாம்.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு? அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப் பையன்களின் கைக்கு அது ஏன் எளிதில் வந்து சேரவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் பொம்மைக் கடையோடு நிற்க முடியாது. கைத்தொழில் செய்த ஊர்களின் வரலாற்றுக்குள்ளும் போக வேண்டியிருக்கிறது.

ஏறிப் போகாத தேர்

பெரிய வண்டியைச் சிறிதாகச் செய்து பார்க்கும் ஆசை மிகப் பழையது. சிந்துவெளி நகரங்களில் சுடுமண்ணால் செய்த சின்னஞ்சிறு மாட்டு வண்டிகளும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மகாராஷ்டிரத்தில் உள்ள தைமாபாத் என்ற ஊரில் 1974ஆம் ஆண்டு ஒரு வெண்கலத் தேர் கிடைத்தது. சுமார் 45 செ.மீ. நீளம். இரண்டு மாடுகள் இழுக்கின்றன. தேரில் நிற்கும் மனிதனின் உயரம் 16 செ.மீ. தேர், மாடு, ஓட்டுபவன் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருக்கிறார் அந்தக் கைவினைஞர்.

தமிழ் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெரு ஒன்று வருகிறது. உலர வைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தங்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது கீழே விழுந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழி மறிக்கிறது! ஊரின் செல்வத்தைக் காட்டப் புலவர் சொன்னது இது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்துச் சிறுவர்கள் மரத்தேர் உருட்டினார்கள் என்பதும் நமக்குக் கிடைக்கிறது.

அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் அழகான செய்தி இருக்கிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர் அது. ஏறிப் போவதற்கு அல்ல, உருட்டி விளையாட மட்டும். அதை உருட்டிக் களைத்த பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறது. தேர் செய்யும் வீட்டில் பிறந்த பிள்ளையே ஆசைப்படுகிறது என்றால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்கும்! 'ஏறிப் போகாத தேர்' என்பதைவிட மாதிரி வண்டிக்கு வேறு நல்ல விளக்கம் வேண்டுமா?

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமாகச் சிறுதேர்ப் பருவமே வைக்கப்பட்டது. நுங்கு வண்டி இந்த வரிசையில் வரும் ஏழை வீட்டுத் தேர். தச்சர் வேண்டாம், பனைமரம் போதும்.

பொம்மை வேறு, மாதிரி வேறு

நுங்கு வண்டி ஒரு பொம்மை. அது எந்தக் காரையும் போல இருக்காது. ஓட்டுபவனின் கற்பனையில்தான் அது பஸ்ஸா, லாரியா என்பது முடிவாகும். மாதிரி என்பது அளவுக்குக் கட்டுப்பட்டது. மூலத்தில் உள்ள ஒவ்வொரு நீளமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும்.

கார் மாதிரிகளில் அதிகம் புழங்கும் விகிதம் 1/24. இது ஏதோ மனம்போன எண் அல்ல. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டால் 1/24 வந்துவிடும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 1/12. நம் ஊர்த் தச்சரும் அடி, அங்குலத்தில்தான் இன்றும் பேசுகிறார். ஆகவே அவருக்கு இந்தக் கணக்கு நொடியில் புரியும். சிறிய உலோகக் கார்களில் வரும் 1/43 என்ற விநோதமான எண் பொம்மை ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் 'ஓ கேஜ்' என்ற ரயில் மாதிரிக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகச் செய்த கார்களும் அதே அளவில் வந்தன.

சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள போர்ஷே 911 காரை 1/24 ஆகக் குறைத்தால் 18 செ.மீ. வரும். உள்ளங்கையில் வைக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாதிரியில் ஒரு பாகம் 1 மில்லிமீட்டர் விலகினால் உண்மைக் காரில் அது 24 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் விலகியதற்குச் சமம். கதவு ஓர் அங்குலம் தள்ளி நிற்கும் காரை யார் வாங்குவார்கள்? அளவு சுருங்கச் சுருங்கத் தவறு பெரிதாகிக்கொண்டே போகும்.

பெட்டிக்குள் வந்த கார்

கார்களின் சிறு வடிவங்கள் முதலில் தகரத்திலும் ஈயத்திலும் வந்தன. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயரில் உலோகக் கார்களை விற்றது. அவை முழுதாகச் செய்து, வண்ணம் பூசி வந்தவை. வாங்குபவர் உருட்டினால் போதும்.

துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு 'நீயே செய்துகொள்' என்று விற்பது வேறு யோசனை. பிளாஸ்டிக்கில் அதை முதலில் செய்தது விமானங்களுக்குத்தான். 1936ல் பிரிட்டனில் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவில் விமானங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மலிவானதும் நிலைமை மாறியது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, குளிர்ந்ததும் எடுத்தால் மிக நுட்பமான பாகங்கள் கிடைத்தன. அமெரிக்காவில் ரெவல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் பழைய காலக் கார்களைத் துண்டுகளாக விற்றது.

அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனத்தின் கதை சுவையானது. 1948ல் தொடங்கிய இந்த நிறுவனம், கார் விற்பனையாளர்களின் கடைகளுக்காகப் புதுக் கார்களின் சிறு மாதிரிகளைச் செய்தது. புதுக் கார் வாங்க வருபவரின் கையில் மாதிரியைக் கொடுத்தால் அவர் மகன் அழுதாவது காரை வாங்க வைப்பான் அல்லவா? 1958ல் அதே மாதிரிகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்யலாம்: கடையில் கிடைக்கும் கார், விருப்பப்படி மாற்றிய கார், பந்தயக் கார். விளம்பரப் பொருளாக இருந்தது கைவேலையாக மாறியது.

மரவேலை ஊரில் விழுந்த இடி

இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி ஜப்பானில் உள்ள ஷிசுவோகா என்ற ஊரில் நடந்தது. தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் அங்குள்ள செங்கென் கோயிலைக் கட்டவும் புதுப்பிக்கவும் நாடெங்கிலுமிருந்து தச்சர்களும் அரக்குப் பூச்சு வேலைக்காரர்களும் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் பலர் வேலை முடிந்தும் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் அந்த ஊர் மரவேலைக்கும் அரக்கு வேலைக்கும் பெயர் பெற்றது. மதுரையைச் சுற்றியும் கோயில் வேலைக்கு வந்து தங்கிய கைவினைக் குடும்பங்களின் கதைகள் உண்டு. ஆகவே நமக்கு இது புதிதல்ல.

அந்த ஊரில் 1924ல் அவோஷிமா என்ற விமானி மர விமான மாதிரிகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1946ல் யோஷியோ தமியா என்பவர் மரம் அறுக்கும் மில் ஒன்றைத் தொடங்கினார். மிச்ச மரத்தில் கப்பல், வண்டி மாதிரிகள் செய்து விற்றார்கள். 1951ல் தீ விபத்தில் மரக்கிடங்கு எரிந்துபோனது. அதன்பின் மர வியாபாரத்தை மெல்ல விட்டுவிட்டு மாதிரிகளையே முழுத் தொழிலாக எடுத்துக்கொண்டனர்.

சில ஆண்டுகளிலேயே அடுத்த இடி விழுந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்க, பிரிட்டிஷ் பிளாஸ்டிக் மாதிரிகள் ஜப்பான் கடைகளுக்கு வந்தன. மர மாதிரியில் ஒரு பையன் மணிக்கணக்கில் சீவிச் சீவிக் கொண்டுவரும் வளைவு, பிளாஸ்டிக்கில் பெட்டியைத் திறந்ததுமே இருந்தது. மர மாதிரிகள் விற்காமல் தேங்கின.

தமியா குடும்பம் கடன்பட்டு எஃகு அச்சு செய்தது. 1960ல் யமாத்தோ என்ற போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. ஆனால் அதே கப்பலைப் போட்டி நிறுவனம் ஒன்றும் அதே சமயத்தில் மலிவாக வெளியிட்டுவிட்டது! விலையைக் குறைத்தார்கள், நஷ்டம் வந்தது. வேறு வழியின்றி மறுபடியும் மரத்துக்கே திரும்பினார்கள். விலை குறைந்த சிறு பந்தயக் கார் மாதிரி ஒன்று நன்றாக விற்றதால்தான் மூச்சு விட முடிந்தது. அந்தப் பணத்தில் அடுத்த அச்சு, அதிலிருந்து அடுத்தது. 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி வந்தது. அதன் அளவு 1/35 ஆனதற்குக் காரணம் வரலாறோ கணக்கோ அல்ல. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரிக்காக வந்த அந்த அளவு பின்னர் உலகமெங்கும் ராணுவ மாதிரிகளின் பொது அளவாகிவிட்டது.

ஒரு போர்ஷேயைக் கழற்றியவர்

யோஷியோவின் மகன் ஷுன்சாகு தமியா அளவில் பிடிவாதக்காரர். 1967ல் ஹோண்டா பந்தயக் காரை 1/12 அளவில் வெளியிட்டபோது என்ஜினில் உள்ள குழாய்கள்கூட தனித்தனியாக இருந்தன.

1976ல் போர்ஷே 934 என்ற ஸ்போர்ட்ஸ் காரை மாதிரியாகச் செய்ய முடிவு செய்தார்கள். அது போர்ஷே 911 டர்போவிலிருந்து உருவான பந்தயக் கார். ஜெர்மனிக்குப் போய்ப் படம் எடுத்தும் அளவெடுத்தும் ஷுன்சாகுவுக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, அதைக் கழற்றி, பாகம் பாகமாக அளந்தார். கையடக்க மாதிரிக்காக உண்மையான ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டவர் என்று மாதிரி செய்பவர்கள் இன்றும் பேசுவது இதைத்தான். அதே 1976ன் இறுதியில் ரேடியோவால் இயக்கும் 934 காரும் வந்தது. நிறுவனத்துக்கு முற்றிலும் புதிய ஒரு தொழிலை அது திறந்துவிட்டது.

2025 ஜூலையில் ஷுன்சாகு தமியா தமது 90ஆவது வயதில் காலமானார். அதற்குள் ஷிசுவோகா, ஜப்பானின் பிளாஸ்டிக் மாதிரித் தொழிலின் தலைநகரமாக மாறிவிட்டிருந்தது. ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று பல நிறுவனங்கள் அந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. 1959 முதல் அங்கே ஹாபி ஷோ கண்காட்சி நடந்துவருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்தைச் செதுக்கிய கை வீணாகிவிடவில்லை. எஃகு அச்சைச் செய்வதற்கு முன்பு வடிவத்தைப் பெரிய அளவில் மரத்தில் செதுக்கித்தான் அந்தக் காலத்தில் மாதிரி எடுத்தார்கள். தச்சரின் கண் அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தியாவுக்கு வந்த அச்சுகள்

இந்தியாவுக்கும் அச்சுகள் வந்தன, ஆனால் வேறு விதமாக. 1960களின் பிற்பகுதியில் டிங்கி டாய்ஸ் நிறுவனம் தனக்குத் தேவைப்படாத பழைய அச்சுகள் சிலவற்றை இந்தியாவுக்கு விற்றது. கல்கத்தாவில் அவற்றிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வந்தன. டிங்கி என்ற எழுத்துகளைச் சற்றே மாற்றினால் நிக்கி! அவற்றில் ஜாகுவார் ஈ டைப் ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்று. சாலையில் பெரும்பாலும் அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாட்டில், ஜாகுவாரைப் பார்க்க வேண்டுமானால் உள்ளங்கையில்தான் பார்க்க முடிந்தது. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த நிக்கி கார்களைத் தேடி வாங்குகிறார்கள்.

1980களில் மும்பையில் லியோ நிறுவனம் மாட்டெலுடன் சேர்ந்து ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. 1987ல் சென்னை எம்.ஆர்.எஃப். குழுமமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. பொம்மைகள் பெருகின. ஆனால் வெட்டி ஒட்டி வண்ணம் பூசும் மாதிரிப் பெட்டிகள் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு மாமா கொண்டுவரும் பரிசாகவே இருந்தன. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுதும் நீங்கின.

அதன்பின் பெருநகரங்களின் கடைகளிலும், பிறகு இணையத்திலும் பெட்டிகள் கிடைத்தன. ஆனால் 2020ல் பொம்மைகள் மீதான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் உயர்ந்தது. தரமற்ற மலிவுப் பொம்மைகளைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் சுங்க அட்டவணையில் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் மூன்று சக்கர சைக்கிளும், கரடி பொம்மையும், அளவு குறைத்த மாதிரிகளும் வருகின்றன. சட்டத்தின் கண்ணுக்குக் கிலுகிலுப்பையும் போர்ஷேயும் ஒன்றே!

தமிழ்நாட்டில் அச்சு செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து, கண்ணாடியிழை உடலைப் போர்த்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1988ல் தொடங்கிய 'ஃபார்முலா மாருதி' பந்தயம் அப்படித்தான் பிறந்தது. அவர் 1995ல் விமான விபத்தில் மறைந்தார். 2003ல் திறக்கப்பட்ட செட்டிபாளையம் பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முழு அளவு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு பட்டறையில் செய்ய முடிந்த மாநிலம் இது.

பெட்டியைத் திறந்தால்...

ஒரு 1/24 ஸ்போர்ட்ஸ் கார் பெட்டிக்குள் என்ன இருக்கும்? பிளாஸ்டிக் சட்டங்களில் கொடியில் காய் தொங்குவதுபோல் பாகங்கள் தொங்கும். ரப்பர் டயர், கண்ணாடிக்கு ஒளி ஊடுருவும் பாகங்கள், நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகள், கடைசியாக ஒரு விளக்கத்தாள்.

முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு பாகங்களில் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு பாகங்களைப் பிடுங்கக் கூடாது, வெட்ட வேண்டும். வெட்டிய தடத்தையும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். இந்தக் கோட்டை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் 'பிளாஸ்டிக்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஒட்டும் பசை நாம் வீட்டில் பயன்படுத்தும் பசை போன்றதல்ல. அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரு பரப்பும் கரைந்து ஒன்றாகி இறுகும். அதாவது இது ஒட்டுவது அல்ல, பற்றவைப்பது. அதனால்தான் கார்க் கண்ணாடிக்கு இதைத் தொடக் கூடாது. ஆவி பட்டாலே மங்கிவிடும். அங்கே வெள்ளைப் பசைதான் சரி.

வண்ணம் பூசுவதுதான் உச்சம். திண்டுக்கல் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் ஆம்னிக்கோ ஆட்டோவுக்கோ பெயிண்ட் அடிப்பவரைக் கவனித்தவருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். அவர் முதலில் பட்டி பார்ப்பார். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். பிரைமர் அடிப்பார். பிறகு தின்னர் கலந்து மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பார். மாதிரிக் காருக்கும் வரிசை இதுவே. பட்டறைகளில் இன்றும் சொல்லும் 'டூகோ' என்ற சொல், 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்த வேகமாக உலரும் பெயிண்டின் பெயர். நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயர் நம் பட்டறையில் வாழ்கிறது.

ஆனால் மாதிரியில் ஒரு வேறுபாடு. பெயிண்டை 1/24 ஆகக் குறைக்க முடியாது! 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் மாதிரியின் கண்ணுக்கு அது 2.4 மில்லிமீட்டர் கனம். கதவு இடுக்கு, என்ஜின் மூடியின் விளிம்பு எல்லாம் மூழ்கிப்போகும். ஆகவே பட்டறைக்காரரைவிட மெல்லியதாகப் பூச வேண்டும். காற்றழுத்தத்தில் புகைபோலத் தெளிக்கும் ஏர்பிரஷ் இதற்கு உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்களுக்காகப் பிறந்த கருவி அது.

ஊரின் வானிலையும் சேர்ந்து விளையாடும். கோடை வெயிலில் தெளித்த துளி காரைச் சேருமுன் பாதி உலர்ந்து, பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். மழைக்கால ஈரத்தில் லாக்கர் பெயிண்ட் பால்போல் வெளுக்கும். ஆடிக் காற்றில் திறந்த இடத்தில் பெயிண்ட் அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு தூசி விழுந்தாலும் அது 24 மடங்கு தூசி. விடியற்காலையில், தரையில் தண்ணீர் தெளித்த அறையில் அடிப்பதே உத்தமம். அடித்ததும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். அதன்பின் தொடாமல் இருப்பது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கடினம்!

பூட்டு ஊரும் மாதிரி ஊரும்

இங்கே திண்டுக்கல்லின் சொந்தத் தொழிலை நினைக்காமல் இருக்க முடியாது. திண்டுக்கல் என்றால் பூட்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே பூட்டுகள் கையால் செய்யப்படுகின்றன. மாம்பழ வடிவில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு புகழ்பெற்றது. பூட்டுக்குள் உள்ள லீவர்களை அரத்தால் ராவி, ஒவ்வொன்றையும் சாவியின் பல்லுக்குப் பொருத்துவார்கள். சரியான சாவி எல்லா லீவர்களையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். ஒரு லீவர் மயிரிழை கூடினாலும் திறக்காது. சிறியதில் அளவு தவறக் கூடாது என்பதை மாதிரி செய்பவருக்குப் பூட்டுத் தொழிலாளியைவிட நன்றாகச் சொல்லித்தர யாரால் முடியும்?

திண்டுக்கல்லுக்கும் ஓர் இடி விழுந்தது. அலிகாரிலும் பிற இடங்களிலும் இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் சந்தையை நிரப்பின. கையால் ஒரு பூட்டைச் செய்யும் நேரத்தில் இயந்திரம் பெட்டி பெட்டியாகத் தள்ளியது. பட்டறைகள் குறைந்தன. அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போனது. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். பெயர் இருந்தும் வாங்க ஆள் வராவிட்டால் பட்டறை எரியாது.

ஷிசுவோகாவுக்கும் திண்டுக்கல்லுக்கும் அறிவில், உழைப்பில் வேறுபாடு சொல்ல முடியாது. நிலைமைகளில் வேறுபாடு உண்டு. அங்கே போட்டி வந்தபோது கடன் வாங்கி அச்சு செய்ய வழி இருந்தது, வளரும் உள்நாட்டுச் சந்தை இருந்தது, தோற்றபின் இன்னொரு முறை முயலவும் இடம் கிடைத்தது. இங்கே பூட்டுத் தொழிலாளிக்குத் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி. அந்தக் கூலியில் எஃகு அச்சு கனவிலும் வராது. ஒருமுறை தோற்றால் அடுத்த முறை என்பதே இல்லை. தமியாவைக் காப்பாற்றியது முதல் முயற்சியின் வெற்றி அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களின் முதல் பிளாஸ்டிக் மாதிரி நஷ்டம்தான்.

இன்னொன்றும் உண்டு. மாதிரிப் பெட்டி கைவேலையை முழுவதும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடவில்லை. பாதியை இயந்திரம் செய்கிறது, மீதியை வேண்டுமென்றே கைக்கு விட்டுவைக்கிறது. முழுதாகச் செய்த கார் கிடைக்கும்போதும் துண்டுகளாகக் கிடக்கும் காருக்கு மக்கள் பணம் கொடுக்கிறார்கள். ஏன்? தாமே செய்ய வேண்டும் என்ற ஆசைக்காகத்தான். கைவேலைக்கு ஆசைப்படும் ஆட்கள் இருக்கும்வரை அதற்குச் சந்தையும் இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

முடிவுரை

சுடுமண் வண்டி, முக்காற் சிறுதேர், நுங்கு வண்டி, நிக்கி ஜாகுவார், 1/24 போர்ஷே. எல்லாமே ஏறிப் போகாத தேர்கள்தான். சாலையில் ஓடும் பெரிய வண்டியைச் சொந்தமாக்க முடியாதவர்கள் அதைக் கைக்குள் கொண்டுவரச் செய்த முயற்சிகள் அவை.

நுங்கு வண்டி செய்யும் பையன் அச்சு நடுவில் இருக்கிறதா என்று குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். சக்கரம் கோணினால் கழற்றி மறுபடி குத்துவான். அளவு பார்க்கும் அந்தக் கண்தான் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறது, ஷிசுவோகாவில் அச்சு வெட்டுகிறது. திண்டுக்கல் சமவெளியில் அந்தக் கண்ணுக்குப் பஞ்சம் இல்லை. அது பார்த்துப் பழக ஒரு பெட்டியும், தோற்றால் இன்னொரு பெட்டியும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் குறை.